வெள்ளையாக விட்ட இடம்

கருங்கரடு என்னும் மலை வெட்டப்பட்டு, உடைக்கப்பட்டு, சரக்கு ரயிலில் ஏற்றப்பட்டு, அதன் கடைசிக் கல்லும் துறைமுகம் போய்ச் சேர்ந்த பிறகு, வெறுந்தரையாகிவிட்ட அந்த இடத்தின்மீது மழையும் வெயிலும் மாறி மாறி வந்துபோன ஒரு காலத்தில், கரட்டடி என்னும் ஊருக்கு மலை திரும்பி வரவில்லை; மலையின் ஏற்றம் மட்டும் திரும்பி வந்தது.

அதை முதலில் அறிந்தவர் பால்காரர் நஞ்சப்பன். பால் கேன்களைச் சைக்கிளின் இருபுறமும் தொங்கவிட்டுக்கொண்டு, மலை இருந்த தரையைக் குறுக்கே கடந்து, ஓடைப்பட்டிக்குப் போவது அவர் வழக்கம். அது தண்ணீர் ஊற்றினால் எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாமல் நிற்கும் அளவுக்குச் சமமான தரை. அன்று காலை அத்தரையில் கொஞ்சதூரம் போவதற்குள் பெடல் மிதிபடவில்லை. இறங்கித் தள்ளினார், நெஞ்சு அடைத்தது, காது அடைத்தது. நடுவில் நின்று திரும்பிப் பார்த்தார். ஊர் அவர் கண்ணுக்கு நேராகத்தான் இருந்தது. ஆயினும் பள்ளத்தில் கிடக்கும் ஊரை உச்சியிலிருந்து பார்ப்பவருக்கு நடுங்குவது போல் அவருக்குக் கால் நடுங்கியது. அங்கிருந்து ஓடைப்பட்டி வரைக்கும் பெடலைத் தொடாமலேயே சைக்கிள் உருண்டோடியது.

பால் ஊற்றும்போது அவர், "கரட்டு மேல ஏறி எறங்கி வந்தேன் ஆத்தா, அதான் நேரமாயிருச்சு" என்றார்.

"சரி சரி, நுரையில்லாம ஊத்து" என்றாள் வாங்க வந்தவள்.

ஊரார் அதை ஏற்றுக்கொண்டது அவ்வளவுதான். அடுத்த வாரத்திற்குள் டவுன்பஸ் ஓட்டுநர், தரையின் விளிம்பிலேயே கியரை மாற்றப் பழகியிருந்தார். நடத்துநர், தலைசுற்றும் பயணிகளுக்காகச் சட்டைப்பையில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டார். தண்ணீர் சுமக்கும் பெண்கள் குடத்தை முக்கால் அளவே நிரப்பினர். ஓடைப்பட்டிக்குப் பெண் கொடுப்பவர்கள், "ஏத்தத்துக்கு அந்தப் பக்கம்னா நாள்கெழமைக்குப் பொண்ணு வந்துபோக முடியாதுங்களே" என்று இழுத்தனர். ஆடுகள் மேயும்போது ஒரு பக்கத்துக் கால்களை மடக்கிக்கொண்டு சாய்வாக நின்றன. கல்தூசி நுரையீரலில் படிந்த பழைய சுரங்கத் தொழிலாளர்கள் அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டார்கள். தாங்கள் கையால் வெட்டித் தள்ளிய மலையில் இனித் தங்களால் ஏற முடியாது என்பதை, ரேஷன் கடையில் இன்று சர்க்கரை இல்லை என்று கேட்டுக்கொள்வது போலக் கேட்டுக்கொண்டார்கள். நகரத்திலிருந்து ஓர் அலுவலர் மட்டக்கருவியோடு வந்தார். கருவியின் குமிழி எங்கே வைத்தாலும் நட்டநடுவில் நின்றது. தரை சமம் என்று எழுதிக்கொண்டு, அதை எழுதிய இடத்திலேயே மூச்சு வாங்க உட்கார்ந்துவிட்ட அவரை இரண்டு பேர் கைத்தாங்கலாக இறக்கிக்கொண்டு வந்தனர். தமக்கு நீரிழிவு இருப்பதாக அவர் சொன்னார்.

ஏன் இப்படி நேர்ந்தது என்று எவரும் பெரிதாக ஆராயவில்லை. மலையை வெட்டிய கம்பெனி தன் கொட்டகைகளைப் பிரித்துக்கொண்டு போனபோது, ஊராட்சி அலுவலகத்துக்கு ஒரு படத்தைச் சட்டம் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருந்தது. வெள்ளைக்காரர் காலத்தில் ஒரு துரை அளந்து வரைந்த இரும்புக்கல் வட்டாரத்தின் வரைபடம் அது. கருங்கரடு முழுவதும் பழுப்புநிறக் கோடுகளாக, ஒன்றுக்குள் ஒன்றாக, கட்டைவிரல் ரேகையைப் போலச் சுற்றிச் சுற்றி வரையப்பட்டிருந்தது. சட்டம் போட்ட படத்தை என்ன செய்வதென்று ஊராருக்கு ஒரே ஒரு வழிதான் தெரியும். ஆகவே கண்ணாடியின்மேல் சந்தனமும் குங்குமமும் வைத்து, செவ்வந்தி மாலை சாத்தி, மேலே ஒரு சிவப்பு பல்பு எரியவிட்டார்கள். செத்தவர் படத்துக்கு அல்லவா மாலை போடுவது என்று அன்று ஒருவரும் கேட்கவில்லை. மறுநாள் காலையில்தான் நஞ்சப்பனுக்குப் பெடல் மிதிபடவில்லை.

வந்த ஏற்றம் மலையின் ஏற்றமா, படத்தின் ஏற்றமா என்னும் கேள்விக்கு விடை கண்டவள் கோகிலா. அவள் ஓடைப்பட்டிப் பள்ளியின் சத்துணவுக் கூடத்தில் சமைக்கும் பாவாயியின் மகள், கல்லூரி முடித்தவள். கோடுகள் நெருங்கி நிற்கும் இடங்களில் மூச்சு அதிகமாக வாங்குகிறது, விலகி நிற்கும் இடங்களில் குறைவாக வாங்குகிறது என்று அவள் நடந்து பார்த்துச் சொன்னாள். வடக்குப் பக்கத்தில் ஓரிடத்தில் கோடே இல்லாமல் வெள்ளையாக விடப்பட்டிருந்தது. அந்த இடத்துக்கு வந்ததும் ஏற்றம் நின்றுபோயிற்று. இருளில் இல்லாத படியை மிதித்தவருக்குப் போலக் கால் ஒருகணம் தடுமாறி, பிறகு சாதாரணத் தரையில் ஊன்றியது. சுற்றிலும் மலை; நடுவில் அது மட்டும் வெறும் தரை.

அதற்கான காரணம் ஊரில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அது அவர்களுடைய பழைய பெருமை. மலைக்குத் தெற்கிலும் வடக்கிலுமாக இரண்டு கொண்டைகள். அவற்றுள் உயர்ந்தது வடக்குக் கொண்டை. அங்கே குடியிருந்த முனியப்பனைக் கண்ணாடிக் குழல் வழியாக ஓர் அந்நியன் பார்ப்பது ஆகாதென்று கருதி, துரை அளக்கும்போது கொடிபிடிக்கப் போன அவர்களுடைய முன்னோர், தெற்குக் கொண்டையே உச்சி என்று சொல்லி அவனை அங்கே ஏற்றிவிட்டார்கள். அவன் வடக்கே குழலைத் திருப்பிய நாளெல்லாம் பச்சை ஆவாரந்தழையைக் கொளுத்திப் புகைபோட்டு மறைத்தார்கள். துரை பொறுத்துப் பார்த்தான். பிறகு அந்த இடத்தை வெள்ளையாக விட்டுவிட்டுப் போய்விட்டான். அவனை ஏமாற்றிய கதையைச் சொல்லி ஊரார் தலைமுறை தலைமுறையாகச் சிரித்து வந்தனர். இப்போது அந்த வெள்ளை இடம் நல்ல இளைப்பாறும் இடமாயிற்று. ஏறி வருபவர்கள் அங்கே உட்கார்ந்து காலை நீட்டினார்கள். வெற்றிலை போட்டுத் துப்பினார்கள். மோர் விற்கும் கண்ணாயா அங்கேயே நிழலுக்கு ஒரு சாக்கைக் கட்டிக்கொண்டு பானையோடு குடியேறிவிட்டாள்.

பாவாயி மட்டும் நாள்தோறும் அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போனாள். கோடுகள் நெருங்கிய செங்குத்தான பக்கமாக, மற்றவர்கள் ஏறத் தயங்கும் வழியாக, புடவையைச் செருகிக்கொண்டு ஏறிப் போனாள். தனக்கு மூச்சு வாங்குவதை, பக்கத்தில் வரும் வேறொருத்தியின் மூச்சைக் கேட்பது போலக் கேட்டுக்கொண்டு போனாள். ஏனென்றால் வடக்குக் கொண்டையில்தான் அவள் கணவன் வேடியப்பன் வேலை செய்துகொண்டிருந்தபோது பாறையடுக்கு சரிந்தது. சில நாள் தேடினார்கள். பிறகு தேடுவதும் கல் அள்ளுவதும் ஒன்றே என்னும்படியாகிவிட்டது. கொண்டை முழுவதும் ரயிலில் போயிற்று. எந்தப் பெட்டியில் அவன் போனான் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அன்று முதல் அவள் அழுததில்லை. சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள், உப்புப் போட வேண்டிய இடத்தில் உப்புப் போட்டாள்.

மலையில் இறந்து உடல் கிடைக்காதவரைச் செத்தவர் என்று கரட்டடியில் சொல்வதில்லை. இன்னும் இறங்காதவர் என்றே சொல்வார்கள். அவரை இறக்க ஒரு முறை உண்டு. மனைவியோ தாயோ, அவர் இருந்த இடத்தைவிட உயரமான இடத்தில் ஏறி நின்று, கீழ்நோக்கி மும்முறை அவரை அழைக்க வேண்டும். வீட்டு வாசலில் அவருடைய இரத்த உறவில் ஆண் ஒருவர் நின்று, அழைப்பு காதில் விழுந்ததும், அவருக்காக "வந்துட்டேன்" என்று சொல்லித் துண்டை வீச வேண்டும். அதன் பிறகே தாலி இறங்கும், காரியம் நடக்கும், அழ வேண்டியவர்கள் அழுவார்கள். ஆனால் வேடியப்பன் இருந்ததோ மலையின் உச்சி. அந்த உச்சியும் போன பிறகு அதைவிட உயரத்துக்குப் பாவாயி எங்கே போவாள்? குடிநீர்த்தொட்டியின் மேல் ஏறலாமா என்று அந்நாளில் ஒருவர் கேட்டார். பூசாரி பெருமாள், "தொட்டி எட்டுமாய்யா? முனியப்பன் சிரிப்பாரு" என்று தள்ளிவிட்டார். எனவே அவள் சுமங்கலியும் அல்லள், கைம்பெண்ணும் அல்லள் என்று நிறுத்தப்பட்டாள். விசேஷ வீடுகளில் அவளைப் பார்த்ததும் தாம்பூலத் தட்டு கொஞ்சம் நின்று, பிறகு அடுத்தவரிடம் போயிற்று.

இப்போது கோகிலாவுக்குத் திருமணம் கூடியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் நல்லவர்கள். எனினும் பத்திரிகையில் பெண்ணின் தகப்பனார் பெயருக்கு முன்னால் "திரு" என்று போடுவதா, "காலஞ்சென்ற" என்று போடுவதா என்னும் இடத்தில் அச்சுவேலை நின்றுவிட்டது. இருமுறை நாள் தள்ளிப் போயிற்று. மூன்றாவது முறையும் தள்ளினால் வேறு இடம் பார்க்க வேண்டியிருக்கும் என்று மாப்பிள்ளையின் சித்தப்பா நயமாகவே சொல்லி அனுப்பினார்.

ஏற்றம் திரும்பி வந்தபின் ஊரார் ஊராட்சி அலுவலகத்தில், மாலை போட்ட படத்துக்கு முன்னால் கூடினார்கள். வேடியப்பனின் தம்பி மாதையன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். அவன் சுரங்கத்தில் வெடிவைத்து வெடிவைத்தே காது போனவன்.

"படத்துல எது உசரமோ அதுதான இப்ப உசரம்? தெக்குக் கொண்டைதான்" என்றார் பூசாரி. "அங்க ஏறிக் கூப்பிட்டாப் போச்சு."

"வேடியப்பன் போனது வடக்குக் கொண்டையிலீங்களே" என்றார் நஞ்சப்பன். "அது தெக்கவிட உசரமில்லைங்களா?"

"அது மலை இருந்தப்பய்யா. படத்துல அது வெறும் தரை. நம்ம பாட்டனுங்கதான் பொகையப் போட்டு மறைச்சுட்டானுங்களே. அவன் இருந்த எடம் தரைன்னா, தெக்குக் கொண்டை அதுக்கு மேலதான? முறைக்கு ஒரு கொறையும் இல்ல."

"முறை சரி, காது?" என்றது ஒரு குரல். "மாதையன வாசல்ல நிறுத்தி வெச்சா ஆரு பதில் சொல்றது? இடி விழுந்தாக்கூட மின்னலப் பாத்துத்தான தெரிஞ்சுக்கறான்!"

சிரிப்பு எழுந்தது. மாதையன், எல்லாரும் சிரிப்பதைப் பார்த்துத் தானும் சிரித்துவிட்டு, அண்ணி பாவாயியின் பக்கம் குனிந்து, "என்ன சொல்றாங்கண்ணி?" என்று உரக்கக் கேட்டான்.

"உன்னத்தான் சொல்றாங்க தம்பி" என்று அவள் கையால் சாடை காட்டினாள்.

பக்கத்தில் ஒருவர் நின்று, அழைப்பு கேட்டதும் மாதையனின் தோளைத் தொடட்டும், அவன் உடனே துண்டை வீசட்டும் என்று முடிவாயிற்று. அந்தப் பொறுப்பை நஞ்சப்பன் ஏற்றுக்கொண்டார். "உனக்குச் சம்மதந்தான பாவாயி?" என்று பூசாரி கேட்டபோது, அவள் படத்துக்குக் கீழே உதிர்ந்துகிடந்த செவ்வந்தி இதழ்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டித் தள்ள வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. "சரிங்க" என்றாள்.

குறித்த நாள் காலையில் சோறு வடித்துவிட்டு, முறைப்படி ஈரப்புடவையோடு அவள் புறப்பட்டாள். பூசாரியும், கோகிலாவும், மாப்பிள்ளையின் சித்தப்பாவும், ஊரில் மூச்சு உள்ளவர்கள் அனைவரும் பின்னால் வந்தார்கள். கண்ணுக்கு முன்னால் வெடித்துக் காய்ந்த சமதரைதான் கிடந்தது. ஆனால் கூட்டம் இடுப்பில் கையூன்றி, குனிந்து, நின்று நின்று, முழங்காலைக் கையால் அழுத்திக்கொண்டு ஏறியது. தெற்குக் கொண்டை இருந்த இடத்தை அடைந்ததும் காற்று ஈரப்புடவையைப் பிடித்து இழுத்தது. கீழே ஒரு புல்கூட அசையவில்லை. அவர்கள் நின்ற இடத்தில் மட்டும் அத்தனை காற்று.

"இதுக்கு மேல படத்துல கோடு இல்ல" என்று மூச்சுக்கிடையே சொன்னார் பூசாரி. "அந்தா, வாசல்ல மாதையன் நிக்கறான் பாரு. வடக்க பாத்து நின்னு, மலையேறுனவரே எறங்கி வாங்கன்னு மூணுதரம் கூப்பிடு. நல்லா அடிவயித்துல இருந்து கூப்பிடு."

பாவாயி வடக்கே பார்த்தாள். வெள்ளையாக விட்ட இடத்தில் கண்ணாயாவின் சாக்கு நிழல் தெரிந்தது; அதன் ஓரத்தில் இரண்டு ஆடுகள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. அவள் வாயைத் திறந்தாள். காற்று உள்ளே போயிற்று. வெளியே ஒன்றும் வரவில்லை. இத்தனை உயரத்திலிருந்து கத்தினால் அது அவன் தலைக்கு மேலாக எங்கோ போய்விடும். யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவன் தன் பாட்டில் இருந்துவிடுவான் என்று நினைத்தாள். உரத்த சத்தத்துக்குத் திரும்பிப் பார்க்கிற ஆள் அல்லன் அவன். சுரங்கத்தில் நாளெல்லாம் உரத்த சத்தமாகவே கேட்டவன்.

அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு வடக்கு நோக்கி இறங்கத் தொடங்கினாள்.

"ஏ பாவாயி! எங்க போற? அங்க உசரமே இல்லையே!" என்று கத்தினார் பூசாரி.

"அம்மா, இங்கிருந்துதான் கூப்பிடணுமாம்" என்று கோகிலா ஓடிவந்து கையைப் பிடித்தாள். "அங்கிருந்து கூப்பிட்டா வீட்டுக்கு எப்பிடிம்மா கேக்கும்?"

"கேக்காது" என்றாள் பாவாயி.

"அப்ப பத்திரிகை? கல்யாணம்?"

பாவாயி மகளின் முகத்தைப் பார்த்தாள். பார்த்த பிறகும் இறங்கினாள். மாப்பிள்ளையின் சித்தப்பா ஏதோ சொல்ல வாயெடுத்து, இருமல் வரவே உட்கார்ந்துவிட்டார். எவரும் அவளைத் தொடர்ந்து இறங்கவில்லை. இறங்கினால் மறுபடி ஏற வேண்டும்.

அவள் அந்த இடத்தின் விளிம்புக்கு வந்தாள். கால் ஒருகணம் தடுமாறி, தரையில் ஊன்றியது. நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்த ஏற்றம் விலகியது.

"வா பாவாயி, ஒரு டம்ளர் மோர் குடி. ஒருநாளும் இந்தப் பக்கம் வரமாட்டியே" என்றாள் கண்ணாயா.

"பானைய அந்தப் பக்கம் நகத்தி வெய்யி" என்றாள் பாவாயி.

கண்ணாயா அவள் ஈரப்புடவையைப் பார்த்தாள், பானையை நகர்த்தினாள், ஆடுகளையும் விரட்டினாள். பாவாயி தரையில் உட்கார்ந்தாள். தரை இளஞ்சூடாக இருந்தது. அதில் வெற்றிலை எச்சிலும் எலுமிச்சைத் தோலும் கிடந்தன. அதற்குமேல் அங்கே ஒன்றும் இல்லை, உயரமும் இல்லை. முறைக்கு உரிய வாசகத்தை அவள் சொல்லவில்லை. அடுப்படியிலிருந்து வாசலில் இருப்பவனிடம் பேசுகிற குரலில், கண்ணாயாவுக்கே பாதிதான் கேட்கிற குரலில், "ஏனுங்க, சோறு ஆறுது, வாங்க" என்றாள். சற்றுப் பொறுத்து மறுபடி, "சோறு ஆறுதுங்க" என்றாள். மூன்றாவது முறை "வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

சமதரையின் கடைசியில், அவள் வீட்டு வாசலில், ஒரு வெள்ளைத் துண்டு மேலே எழுந்து அசைந்தது.

தோளைத் தொட வேண்டிய நஞ்சப்பன் அப்போது நெற்றிக்கு மேல் கையை வைத்துத் தெற்குக் கொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காதில் அழைப்பு எதுவும் விழவில்லை. மாதையன் துண்டை வீசுவதைக் கண்டு, "இருய்யா, இன்னும் கூப்பிடல!" என்று அவன் கையைப் பிடித்து இழுத்தார். அவன் கையை விடுவித்துக்கொண்டு மறுபடியும் வீசினான்.

கூட்டமும் பாவாயியும் இறங்கி வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தபோது எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். இது செல்லாது என்றார் ஒருவர். உச்சிக்கு ஏறியது ஏறியதுதானே என்றார் இன்னொருவர். பூசாரி மாதையனுக்கு முன்னால் போய் நின்றார்.

"ஆரு உன் தோளத் தொட்டது?"

"ஆ?"

"தோளு! தோளத் தொட்டது ஆருன்னு கேட்டேன்!"

"ஆரும் தொடலீங்க."

"அப்பறம் என்னத்துக்குய்யா துண்ட வீசுன?" என்று அவர் அவன் காதருகே கத்தினார்.

மாதையனுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. அண்ணியைப் பார்த்தான், பூசாரியைப் பார்த்தான். "சோறு ஆறுதுன்னு கூப்பிட்டாங்களே" என்றான். "வந்துட்டேன்னு சொன்னேன்."

மோர்ப்பானையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பின்னாலேயே வந்திருந்த கண்ணாயா, பானையைக் கீழே இறக்கி வைத்தாள். பூசாரி அவளைத் திரும்பிப் பார்த்தார். "அதேதானுங்க. அந்தச் சொல்லேதான்" என்றாள் அவள்.

மாப்பிள்ளையின் சித்தப்பா செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நின்றார். கோகிலா சுவரோடு சுவராகச் சாய்ந்து, முகத்தை மூடிக்கொண்டு, அத்தனை ஆண்டுக்குப் பிறகு அந்த வீட்டின் முதல் அழுகையை அழத் தொடங்கினாள். பூசாரி தொண்டையைச் செருமிக்கொண்டு, மிகவும் தணிந்த குரலில், "தாலிய எறக்கிரலாம் பாவாயி, நேரமாகுது" என்றார்.

"இருங்க" என்றாள் பாவாயி. "மொதல்ல அவரு சாப்பிடட்டும்."

அவள் உள்ளே போய், இலையை விரித்து, தண்ணீர் தெளித்து, காலையில் வடித்து வைத்த சோற்றை அள்ளி வைத்தாள். சோறு ஆறித்தான் போயிருந்தது.